பேஸ்ட்ரி கோர்ஸில் சேரலாமா? பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஏதாவது ஒரு பேக்கரியின் பின்கட்டில் வேலை பாருங்கள். பில் போடும் இடத்தில் வேண்டாம், ஓவன் இருக்கும் பக்கம். முட்டை உடைப்பது, ட்ரே கழுவுவது, பட்டர் பேப்பர் வெட்டி அடுக்குவது, எது கிடைத்தாலும் சரி. அந்த ஒரு மாதம் முடிந்த பிறகும் விடியற்காலையில் எழுந்து அங்கே போகத் தோன்றினால், அப்புறம் எந்தக் கோர்ஸ், எவ்வளவு பணம், கடன் வாங்கலாமா என்ற பேச்சுக்கு வரலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் மதுரையில் ஒரு பேக்கரியில் இரண்டு வருஷம் ஹெல்ப்பராக இருந்து, அப்புறம் டிப்ளமோ படித்து, சென்னையில் ஹோட்டல் பேஸ்ட்ரி கிச்சனுக்கு வந்தவன். இப்போது புதிதாக வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு ட்ரையல் வைப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு வந்து மூன்றாவது வாரமே கிளம்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. கேக் செய்யப் பிடிப்பது வேறு, ஒரே கேக்கை ஒரு நாளில் அறுபது தடவை, எட்டு மணி நேரம் நின்றபடி, கொஞ்சமும் மாறாமல் செய்யப் பிடிப்பது வேறு. இதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே காட்டவில்லை. வீட்டில் பிறந்தநாளுக்குக் கேக் செய்து எல்லோரிடமும் பாராட்டு வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில்தான் மனசு உடைகிறது, அதுவும் அப்பா பெயரில் வாங்கிய கடன் பின்னால் நிற்கும்போது.

பப்ஸ் மாஸ்டரும் தெர்மாமீட்டரும்

முட்டை பப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பேக்கரியில் தினமும் முந்நூறு பப்ஸ் போடும் மாஸ்டர் மாவைத் தேய்த்து, மார்ஜரின் என்ற தாவரக் கொழுப்பை வைத்து, மடித்து, திருப்பி, மறுபடியும் தேய்க்கிற வேகத்தை ஒருநாள் நின்று பாருங்கள். அளவுகோல் கிடையாது, ஆனால் வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே கனம். பிறை வடிவ பிரெஞ்சு ரொட்டியான கிரோசான் செய்வதும் அடிப்படையில் இதே மடிப்பு வேலைதான், மாவில் ஈஸ்ட் சேர்கிறது, கொழுப்பு வெண்ணெயாக மாறுகிறது. பேஸ்ட்ரி பள்ளியில் படித்த பிள்ளை மொத்தக் கோர்ஸிலும் நாலைந்து தடவை கிரோசான் மடித்திருக்கும். மாஸ்டர் இருபது வருஷமாக மடிக்கிறார். கை யாருக்கு நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே மாஸ்டரிடம் மார்ஜரினுக்குப் பதில் நல்ல வெண்ணெயைக் கொடுத்து மே மாதச் சென்னையில் மடிக்கச் சொன்னால், இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் வழிந்து மாவோடு கலந்துவிடும். பப்ஸ் மார்ஜரின் சூட்டைத் தாங்குகிற மாதிரி உருகுநிலையைக் கூட்டிச் செய்தது, வெண்ணெய்க்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. அது சுமார் 13 முதல் 16 டிகிரிக்குள் இருந்தால்தான் உடையாமலும் உருகாமலும் மாவோடு சேர்ந்து நீளும். அதைவிடக் குளிர்ந்தால் உள்ளே துண்டு துண்டாக உடையும், சூடானால் கரைந்து அடுக்கே இல்லாமல் போகும். வெட்டி வைத்த கிரோசான் உப்புவதற்கு வைக்கிற இடம் 27 டிகிரியைத் தாண்டினாலும் வெண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் மாவை எப்போது ஃப்ரிட்ஜில் வைப்பது, எப்போது எடுப்பது, ஏசி இல்லாத இடத்தில் எந்த நேரத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது தெரியும். நல்ல பள்ளி இந்தக் காரணத்தைக் கற்றுத்தரும். பேக்கரி கையைக் கற்றுத்தரும். இரண்டும் வேண்டும், ஆனால் எது முதலில் என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

சாக்லேட்டும் அப்படித்தான். பெரும்பாலான சின்னக் கடைகளில் காம்பவுண்ட் சாக்லேட்தான் ஓடும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி ஊற்றினாலே இறுகிவிடும், வேறு வித்தை தேவையில்லை. கோகோ வெண்ணெய் உள்ள கூவர்ச்சர் சாக்லேட் அப்படி விடாது. டார்க் சாக்லேட் என்றால் 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்றித்தான் வேலை செய்ய முடியும். தப்பினால் மேலே வெள்ளை பூத்து, விரலால் தொட்டாலே ஒட்டும். சாதாரண பேக்கரியில் பத்து வருஷம் இருந்தாலும் இதைத் தொடும் வாய்ப்பு வராமலே போகலாம். மூஸ், சர்க்கரை வேலை, தட்டில் அலங்கரித்துப் பரிமாறும் டெசர்ட், ஒரு பீஸுக்கு அடக்க விலை போடுவது, இவற்றையும் பேக்கரி மாஸ்டரிடம் எதிர்பார்க்க முடியாது. பள்ளிக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் இவற்றுக்காகக் கொடுங்கள். ஸ்பாஞ்ச் போடவும் க்ரீம் தடவவும் பைப்பிங் பை பிடிக்கவும் லட்சங்கள் கட்டாதீர்கள், அவற்றைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம்.

பள்ளியே வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் தலச்சேரி மாம்பள்ளி பாப்பு கதையைச் சொல்வார்கள். 1883-இல் ஒரு ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கொடுத்த கேக்கைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கிடைத்த பொருட்களை வைத்தே அதே மாதிரி செய்து கொடுத்தார், அதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்பது கேரளத்தில் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் அவர் அதற்கு முன்பே பர்மாவில் பிஸ்கட் தொழிலைக் கற்று வந்து சொந்தமாக பிஸ்கட் ஃபேக்டரி போட்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சுவைத்ததும் செய்ய முடிந்தது என்றால், அடுப்பும் மாவும் அவர் கைக்கு அதற்கு முன்பே பழகியிருந்தன.

எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள்?

கோர்ஸ் வேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஐந்து வருஷம் கழித்து எந்தக் கிச்சனில் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

நட்சத்திர ஹோட்டல் என்றால் சான்றிதழ் உதவும். ஹெச்.ஆர். மேஜையைத் தாண்டி உள்ளே வருவதற்கே பல இடங்களில் அது வேண்டியிருக்கும். கமிஸ் என்ற ஆரம்பநிலை வேலையில் த்ரீ, டூ, ஒன், அப்புறம் டெமி, சிடிபி (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ ஷெஃப் (தலைமை ஷெஃபுக்கு அடுத்தவர்) என்று ஏணி நீளமானது, மேலே போகப் போக டிகிரியோ டிப்ளமோவோ இருப்பவருக்குப் படி சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதற்குத் தனியார் அகாடமிதான் வழி என்று நினைக்காதீர்கள். சென்னை தரமணியில் இருக்கும் ஐ.ஹெச்.எம். போன்ற ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களில் மூன்று வருஷ டிகிரி இருக்கிறது, தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. நடத்தும், ஹோட்டல் மேலாண்மைக்கான தேசிய கவுன்சிலின் என்.சி.ஹெச்.எம். நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். அதே தேசிய கவுன்சிலின் கீழ் வரும் சில நிறுவனங்களில் பேக்கரிக்கென்றே டிப்ளமோ உண்டு. டிகிரியில் பேஸ்ட்ரி ஒரு பகுதிதான், ரூம் டிவிஷன், சர்வீஸ் எல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும், அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ. பாடப்பிரிவுகளில் பேக்கர் அண்ட் கன்ஃபெக்‌ஷனர் என்று ஒரு வருஷ ட்ரேடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. ஓபராய் ஹோட்டல் குழுமம் ப்ளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஸ்டெப் என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. பணம் கட்டிப் படிக்கும் இடத்தைத் தேடும் முன் பணம் கொடுத்துக் கற்றுத்தரும் இடத்தைத் தேடுங்கள்.

வெளிநாடு என்றால் காகிதத்தின் எடை இன்னும் கூடும். ஆஸ்திரேலியாவில் பேஸ்ட்ரி குக் என்பது பேக்கரிலிருந்து பிரித்துத் தனித் தொழிலாகவே பட்டியலில் இருக்கிறது, திறன் மதிப்பீட்டுக்குப் படிப்பும் வேலை அனுபவமும் ஆவணத்தோடு காட்ட வேண்டும். சொகுசுக் கப்பல் வேலைக்கு நட்சத்திர ஹோட்டல் அனுபவம்தான் முதலில் கேட்பார்கள், அப்புறம்தான் மற்றது. பிரான்சில் சிஏபி பட்டிசியே என்பது பேஸ்ட்ரி தொழிலுக்கான அரசுத் தேர்வு. அங்கே கடை வைத்திருக்கும் ஆட்கள் மதிப்பது அதைத்தான், பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகவும் எழுதலாம், ஆனால் பிரெஞ்சு மொழி தெரியாமல் முடியாது. 1895-இல் பாரிஸில் தொடங்கிய லெ கோர்தோன் ப்ளூ மாதிரி சமையல் பள்ளிகளின் பெயர் பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் பேஸ்ட்ரி டிப்ளமோவுக்கான கட்டணத்தோடு பாரிஸ் வாடகையும் சாப்பாடும் சேர்த்தால் 25 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். வீட்டில் அந்தப் பணம் சும்மா இருக்கிறது என்றால் போய் வாருங்கள், சந்தோஷமாகச் சொல்கிறேன். நிலத்தை விற்றுப் போவதாக இருந்தால் வேண்டாம்.

சொந்தக் கடை அல்லது வீட்டிலிருந்து ஆர்டர் என்றால் சான்றிதழை ஒரு வாடிக்கையாளரும் கேட்க மாட்டார். உணவுப் பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கேட்பார்கள், முட்டை இல்லாத கேக் வருமா என்று கேட்பார்கள், எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்பார்கள். இவர்களுக்கு நான் சொல்வது, ஆறு மாதம் ஒரு நல்ல பேக்கரியில் வேலை, அப்புறம் குறிப்பாக எது தெரியவில்லையோ அதற்கு மட்டும் சின்னக் கோர்ஸ். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவ்வப்போது அடுமனைப் பொருட்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறது, தொடக்கத்துக்கு அது நல்ல இடம்.

கடன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

எட்டு லட்சம் கல்விக் கடன், 11 சதவீத வட்டி, ஏழு வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 13,700 ரூபாய் வரும். சென்னையில் ஹோட்டலில் புதிதாகச் சேரும் கமிஸுக்கு, நான் பார்த்த வரையில், கைக்கு வருவது பதினைந்தாயிரத்துக்குப் பக்கத்தில். சாப்பாடு டூட்டியில் கிடைத்துவிடும், சில இடங்களில் தங்குமிடமும் கிடைக்கும், ஆனாலும் மீதி ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு மாதம் எப்படி ஓடும்? இதே கடன் ஒன்றரை லட்சமாக இருந்தால் தவணை சுமார் 2,600 ரூபாய்தான், அதைச் சமாளிக்கலாம். படிக்கும் காலத்து வட்டியும் அசலில் ஏறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், பல பேருக்கு அது முதல் தவணை வரும்போதுதான் தெரிகிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. முதல் வருஷச் சம்பளம் மொத்தத்தையும் கூட்டுங்கள். அதைவிடக் கடன் அதிகமாகப் போனால் அந்தக் கோர்ஸ் உங்களுக்கு இல்லை, வேறு வழி பாருங்கள். சம்பளத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், அகாடமியின் அட்மிஷன் மேஜையில் கேட்காதீர்கள். கிச்சனில் இப்போது வேலை பார்க்கும் கமிஸ் மூன்று பேரிடம் கேளுங்கள், டீக் கடையில் நின்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தங்கத்தை அடகு வைத்துக் கட்டிவிட்டு, வேலைக்குச் சேர்ந்ததும் மீட்டுவிடலாம் என்று சொல்லும் பெற்றோர் வருஷத்துக்கு நாலைந்து பேர் என்னிடம் பேசுகிறார்கள். அம்மா, முதல் இரண்டு வருஷம் இந்தத் தொழில் அந்த நகையை மீட்கும் அளவுக்குக் கொடுக்காது. அதற்கப்புறம் வேலை தெரிந்த பிள்ளைக்கு நிச்சயம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

வகுப்பு நடக்கிற நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸ் வைத்து மக்ரூன் கொடுத்து அனுப்புவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. வகுப்பு நடக்கும்போது ஓர் ஓரமாக அரை மணி நேரம் நிற்க விடுவார்களா என்று கேளுங்கள். விட மறுத்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

உள்ளே போனால் முதலில் ஓவனை எண்ணுங்கள், அப்புறம் தலையை எண்ணுங்கள். இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். டிப்ளமோ முடித்த பிறகு கிரோசானுக்கென்று ஐந்து நாள் வகுப்பு ஒன்றுக்கு என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். இருபத்திரண்டு பேர், மாவு தேய்க்கும் ஷீட்டர் ஒன்றே ஒன்று. ஆசிரியர் நல்லவர், வேலை தெரிந்தவர், ஆனால் என் கைக்கு அந்த மாவு மொத்தமாக இரண்டு தடவைதான் வந்தது. மீதி நேரமெல்லாம் மற்றவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கடைசி நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சான்றிதழ், ஒரே மாதிரி பெட்டி. அந்தப் பெட்டியில் இருந்தது நான் செய்த கிரோசான் இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை, பணத்துக்காக இல்லை, கற்றுக்கொள்ளும் ஆசையோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த மற்ற பிள்ளைகளுக்காக.

அதனால் தெளிவாகக் கேளுங்கள். ஒவ்வொருவரும் தனியாகச் செய்வார்களா, நாலு பேர் சேர்ந்து ஒரு கேக்கா? ஒரே பொருளை எத்தனை தடவை செய்ய வைப்பார்கள்? வெண்ணெயா மார்ஜரினா, கூவர்ச்சரா காம்பவுண்டா? கிச்சனில் ஏசி எந்த அளவில் ஓடுகிறது? சொல்லித்தருபவர் கடைசியாகத் தொழில் கிச்சனில் வேலை பார்த்தது எப்போது? பயிற்சிக்கு அனுப்பும் ஹோட்டலில் பேஸ்ட்ரி பிரிவிலேயே போடுவார்களா, அல்லது ஆறு மாதமும் காய்கறி வெட்ட வைப்பார்களா? பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நூறு சதவீத ப்ளேஸ்மென்ட் என்றால் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு அனுப்புவது என்றுதான் பல இடங்களில் அர்த்தம். அதனால் போன மாதம் முடித்தவரோடு பேசாமல், இரண்டு வருஷத்துக்கு முன் முடித்தவர்கள் மூன்று பேரோடு பேசுங்கள். அவர்கள் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறார்களா என்பதைப் போல உண்மையைச் சொல்லும் விஷயம் வேறில்லை. பெங்களூரு அகாடமிகள் சிலவற்றில் சிட்டி அண்ட் கில்ட்ஸ் மாதிரி லண்டன் அமைப்பின் சான்று கிடைக்கும், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அது பயன்படலாம், உள்ளூர் வேலைக்கு உங்கள் ட்ரையல்தான் பேசும்.

வீட்டில் செய்யும் சோதனை

பேக்கரியில் இடம் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். கிராம் தராசு ஒன்று, ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று, ஒரு நோட்டு. ஓடிஜி என்ற வீட்டு ஓவனின் திருகு 180 என்று காட்டும்போது உள்ளே 155 கூட இருக்கலாம், அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை. முட்டை நுரையிலேயே உப்பும் ஸ்பாஞ்ச், எக்ளேருக்கான ஷூ (choux) மாவு, டார்ட் ஓடு, கஸ்டர்ட், இந்த நாலை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் எடை, சூடு, நேரம், எங்கே தப்பியது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். ஷூ உள்ளே கூடாக வராமல் அமுங்கினால் மாவை அடுப்பில் போதுமான அளவு வற்ற விடவில்லையா, முட்டை அதிகமா, ஓவனைச் சீக்கிரம் திறந்தீர்களா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஏழாவது தடவை சலிப்பு வந்தால் அதை மறைக்காமல் எழுதிவையுங்கள். ஏழாவது தடவை ஏன் ஆறாவதைவிட நன்றாக வந்தது என்று தூக்கம் வராமல் யோசித்தால் அதையும் எழுதிவையுங்கள். ட்ரையலுக்கு வருகிறவர் அப்படி ஒரு எண்ணெய் பட்ட நோட்டைக் காட்டினால் நான் சான்றிதழுக்கு முன் அதைத்தான் வாங்கிப் படிப்பேன்.

முப்பது வயதுக்கு மேல் ஐடி வேலையை விட்டுவிட்டு வர நினைப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். இருக்கும் லீவைச் சேர்த்து மூன்று வாரம் எடுத்து, கிச்சனில் நில்லுங்கள். இருபது வயதுப் பையன் உங்களை வேலை வாங்குவான், முதுகு வலிக்கும், மைதா மூட்டை 50 கிலோ. அது தாங்கும், அந்தப் பையனிடம் கற்றுக்கொள்ள மனசும் ஒப்புகிறது என்றால் வயது ஒரு தடையே இல்லை, பெரியவர்கள் காரணம் கேட்டுக் கேட்டு வேகமாகக் கற்பதைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளை அனுப்பும் வீட்டார் ஷிஃப்ட் முடிந்து போக வண்டி உண்டா, உடை மாற்றத் தனி அறை உண்டா, ஏற்கெனவே எத்தனை பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

பேக்கரியில் வேலை எப்படிக் கேட்பது? சனி, ஞாயிறு மாலையில் போகாதீர்கள், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வார நாளில் மதியம் இரண்டு மணி வாக்கில் காலை வேலை ஓய்ந்திருக்கும், அப்போது மாஸ்டரையோ முதலாளியையோ பார்த்து, "அண்ணே, கோர்ஸ் சேரலாமான்னு யோசிக்கிறேன், ஒரு மாசம் ஹெல்ப்பரா நிக்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், சும்மா வேலை செய்பவரைப் பொறுப்பான வேலையில் யாரும் விட மாட்டார்கள். நல்ல காலம் நவம்பர் கடைசி வாரம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் எல்லாப் பேக்கரிக்கும் ஆள் தேவைப்படும், தெரியாத ஆளையும் எடுப்பார்கள், டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டுவதற்கென்று வரிசையில் நிற்கும் கூட்டத்துக்காக விடிய விடிய க்ரீம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். வழுக்காத ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், நோட்டைச் சட்டைப் பையில் வையுங்கள். ஜனவரி 2-ஆம் தேதி கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது மாஸ்டரிடமே கேளுங்கள், நான் இந்த வேலைக்குச் சரிப்படுவேனா அண்ணே என்று. ஒரு மாதம் பக்கத்தில் நின்று உங்கள் கையைப் பார்த்த மனிதர் அவர், அட்மிஷன் மேஜையில் இருப்பவர் உங்கள் கையைப் பார்த்ததே இல்லை.